பவுனு ஹார்ன் அடிப்பாள்

என் செல்வி அக்காவுக்கு,

நீ உயிரோடு இருந்தவரை உன்னை நான் ‘நீங்க’ போட்டுத்தான் பேசினேன். வயதில் மூத்தவள், கதை எழுதுகிறவள் என்கிற மரியாதை. இன்றைக்கு அந்த மரியாதை வரவில்லை. வயிறு எரிந்துபோய் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் இந்தக் கடிதம் முழுக்க ‘நீ’தான். பிடிக்கவில்லை என்றால் எழுந்து வந்து திட்டு.

நேற்று ஊட்டியில் உனக்கு நினைவுக்கூட்டம் நடத்தினார்கள். என் ஸ்வெட்டர் கடையை அரை நாள் சாத்திவிட்டுப் போனேன். நீ எழுதிய மாத நாவல்களை எல்லாம் மேசையில் அடுக்கி வைத்திருந்தார்கள். எல்லா அட்டையிலும் உன் கதாநாயகி பவுனு, மசினகுடி ஜீப் டிரைவர். அட்டை வரைகிற ஆள் ஒவ்வொரு தடவையும் அவள் கையில் ஒரு துப்பாக்கியைக் கொடுத்துவிடுவான், நீ ஒவ்வொரு தடவையும் போனில் அவனோடு சண்டை போடுவாய். இத்தனை கதையில் அவள் துப்பாக்கியைத் தொட்டதே கிடையாது. நேற்று அந்த அட்டைகளைப் பார்த்ததும் உன் சத்தம் காதில் கேட்டது. சிரித்துவிட்டேன். சிரித்தது அப்போது ஒரு தடவைதான்.

சிறப்புப் பேச்சுக்கு வெளியூரில் இருந்து ஒருவரை வரவழைத்திருந்தார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு, “கதையில் கில்லாடி என்று யாரைச் சொல்கிறோம்?” என்று ஆரம்பித்தார். “பயம் தெரியாதவரை. குறி தவறாதவரை. யாருடைய உதவியும் தேவைப்படாதவரை. பவுனு அப்படிப்பட்டவள்.” சனம் கைதட்டியது. அதோடு நிறுத்தியிருக்கலாம் அந்த மனுஷன். “அவளைப் படைத்த செல்வி அம்மாவும் அப்படித்தான். கடைசி நிமிஷம்வரை யாருக்கும் ஒரு தொந்தரவு கொடுக்காமல் போய்ச் சேர்ந்தார்” என்றார்.

அதற்கு இன்னும் பலமாகக் கைதட்டினார்கள், அக்கா. என் பக்கத்தில் இருந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இப்படிச் சாவறதுக்குக் குடுத்து வெச்சிருக்கோணுமுங்க” என்றாள். நாற்காலியைத் தூக்கி எறிந்துவிடலாம்போல இருந்தது எனக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஏன் என்று உனக்குத் தெரியும். கில்லாடி என்றால் யார் என்று நீ என்னிடம் சொன்னது வேறு. உன் கோழிக் கிறுக்கலை எல்லாம் டைப் அடித்துக் கொடுத்தவள் நான். சந்தேகம் வந்தால் கேட்பேன், நீ கடைக்கு வந்து தொப்பி மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டு பதில் சொல்வாய். ஒருநாள், “ஏனுங்க்கா, பவுனு பெரிய டிரைவர்னு எழுதறீங்க, ஒரு தடவகூட வண்டிய வேகமா ஓட்ட மாட்டேங்கறாளே” என்று கேட்டேன்.

“வேகமா ஓட்டறவன் கில்லாடி இல்ல, மும்தாஜ். கல்லட்டி எறக்கத்துல பார்த்திருக்கியல்ல? வெளியூர்க்காரன் படத்துல வர்ற மாதிரி எறங்குவான். பிரேக் புகைஞ்சு ஓரமா நிப்பான். பவுனு ரெண்டாவது கியர்லயே கீழ வரைக்கும் வருவா. பின் சீட்டுல இருக்கறவன் தூங்கிருவான். அந்தத் தூக்கத்த எழுதினாப் போதும், அவ எப்பேர்ப்பட்டவன்னு படிக்கறவங்களுக்குத் தெரியும். நான் வேற வாயத் திறந்து அவள கில்லாடின்னு சொல்லோணுமா?”

பிறகு தேத்தண்ணியை ஊதிக் குடித்துக்கொண்டே இன்னொன்று சொன்னாய். சிலோனில் இருந்து வந்து இத்தனை வருஷமாகியும் உனக்கு டீ தேத்தண்ணிதான். “தனக்கு எது முடியாதுன்னு அவளுக்கு முன்னாடியே தெரியும். மத்தவனுக்கு வண்டி கவுந்தப்புறந்தான் தெரியும். அதுதான் வித்தியாசம்.”

இன்னும் அச்சுக்குப் போகாத உன் கடைசி நாவலின் கடைசி அத்தியாயம் அதுதானே? மழையில் காட்டுப் பாதையின் ஓரம் சரிந்து, ஜீப்பின் முன் சக்கரம் அந்தரத்தில் நிற்கிறது. பின் சீட்டில் நிறைமாதக் கர்ப்பிணி. ரிவர்ஸ் எடுத்தால் வந்தாலும் வரலாம், போனாலும் போகலாம். பவுனுவின் கை நடுங்குகிறது. “பயமா இருக்குதுங்க” என்று அந்தப் பெண்ணிடமே சொல்கிறாள். அவளை மெதுவாக இறக்கிவிட்டு, ஆள் வரும்வரை ஹார்னில் இருந்து கையை எடுக்காமல் அடிக்கிறாள். வருகிறவன் யார்? கதைக்குக் கதை அவளிடம் தோற்றுப்போகிற டிரைவர் சுப்பு. அவனிடம், “அண்ணா, என்னால முடியல. கவுறு போட்டு இழுத்து உடுங்க” என்கிறாள். டைப் அடிக்கும்போது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நீ எழுதியதிலேயே அதுதான் நல்ல அத்தியாயம்.

நேற்று கூட்டம் முடிந்ததும் பதிப்பகத்துத் தம்பி, உன் மகன் பிரபுவையும் என்னையும் ஓரமாகக் கூப்பிட்டான்.

“கடைசி அத்தியாயத்த மட்டும் மாத்திரலாங்களா? பவுனு பயந்துக்கறது, போயும் போயும் சுப்புகிட்ட உதவி கேக்கறது, இதெல்லாம் வாசகருங்க ஏத்துக்க மாட்டாங்க. அவளே ரிவர்ஸ் எடுத்து ஒத்தச் சக்கரத்துல வெளிய வந்துட்டானு வெச்சுக்கலாம்.”

“ஒத்தச் சக்கரத்துல வர்றதுக்கு அது ஜீப்புங்களா, சர்க்கஸுங்களா?” என்றேன்.

அவன் சிரித்தான். “ஐயா பேசினதக் கேட்டீங்கல்ல? கில்லாடின்னா அதுதானுங்க.”

பிரபு என்னைப் பார்த்தான். “நீங்க சொல்லுங்க சித்தி. அம்மா எழுத்து உங்களுக்குத்தான் தெரியும்” என்றான். அந்தத் தம்பிமேல் வந்த கோபம் திரும்பி உன்மேல் பாய்ந்துவிட்டது.

அந்த அத்தியாயத்தை நீ என் கையில் கொடுத்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது அன்றைக்கு. கிறிஸ்துமஸ் லீவு, கடையில் நிற்க இடமில்லை. சாயங்காலம் நீ போன் பண்ணினாய். குரல் என்னவோபோல இருந்தது. “என்னங்க்கா, ஒடம்புக்கு என்ன?” என்று கேட்டேன். “பனி” என்றாய். டிசம்பர் மாதம் ஊட்டியில் பனி என்று சொன்னால் யார் மறுகேள்வி கேட்பார்கள்? “கடையில கூட்டமா?” என்றாய். ஆமாம் என்றேன். “செரி, நீ யாவாரத்தப் பாரு” என்று வைத்துவிட்டாய்.

அப்போது உனக்கு நெஞ்சுவலி. மத்தியானமே வாசல்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாயாம். எதிர் வீட்டு அம்மா கேட்டதற்கு வாயு என்றாயாம். காலையில் கதவை உடைத்துப் பார்த்தபோது போன் உன் தலைமாட்டிலேயே இருந்தது. பெர்ன்ஹில்லில் உன் வீட்டுக்கும் என் கடைக்கும் என்ன பெரிய தூரம்? வந்திருக்கிறவர்களை எல்லாம் வெளியே போகச் சொல்லி ஷட்டரை இழுத்துவிட்டு ஓடி வந்திருப்பேனே. ஒரு வார்த்தை சொல்ல உனக்கு என்ன கேடு வந்தது?

பவுனுவுக்கு அவ்வளவு புத்தியைக் கொடுத்தாயே, உனக்கென்று ஒரு சொட்டு வைத்துக்கொண்டாயா? வாய் கிழிய எனக்குப் பாடம் எடுத்தாயே, அதெல்லாம் காகிதத்துக்கு மட்டுந்தானா? தொந்தரவு என்று நினைத்தாயா என்னை? தொப்பி வாங்க வந்தவர்கள் உன்னைவிட எனக்குப் பெரிசு என்று நினைத்தாயா? இதற்கு யார் பதில் சொல்வார்கள் எனக்கு? நீ செய்த இந்தக் கேனத்தனத்துக்குத்தான் நேற்று ஒரு ஹால் நிறைய ஆட்கள் கைதட்டினார்கள்.

இதையெல்லாம் அந்தத் தம்பியிடம் சொல்ல முடியுமா? “ஹார்னை எடுக்கறதா இருந்தா இந்தப் புத்தகமே வர வேண்டாமுங்க” என்று மட்டும் சொன்னேன்.

“அப்பறம் நாங்க போடறது கஷ்டமுங்க” என்றான் அவன்.

“போட வேண்டாமுங்க” என்றான் பிரபு. வெளியே வந்து பஸ் ஏறும் முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு, “எனக்காச்சும் கூப்பிட்டிருக்கலாமுல்ல சித்தி?” என்று கேட்டான். அவ்வளவு பெரிய ஆள், சின்னப் பிள்ளைபோல அழுதான். பெற்ற பிள்ளைக்கு இந்தக் கேள்வியை விட்டுவிட்டுப் போயிருக்கிறாய். நல்லா இருக்கிறதா இது?

இன்று காலையில் ஸ்வெட்டர் மூட்டையை இறக்கும்போது எனக்குத் தலை கிறுகிறு என்று வந்தது. ஒன்றுமில்லை என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்புறம் உன் நினைப்பு வந்தது. பக்கத்துக் கடை பாயைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டேன். தெருவே திரும்பிப் பார்த்தது, பார்க்கட்டும். ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தார். பிரஷர்தானாம், மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். பாய் மத்தியானம் வரை ரெண்டு கடையையும் பார்த்துக்கொண்டார், ஒரு வார்த்தை முகம் சுளிக்கவில்லை.

உன் நாவலை எப்படியும் அச்சில் கொண்டுவருவேன். வேறு யாரும் போடாவிட்டால், நானும் பிரபுவும் இங்கே உள்ளூர் அச்சகத்திலேயே போட்டு, என் கடையில் ஸ்வெட்டருக்குப் பக்கத்தில் வைத்து விற்போம். அட்டையில் துப்பாக்கி இருக்காது. கடைசிப் பக்கத்தில் ஒரு எழுத்தையும் தொட விடமாட்டேன். பவுனுவுக்குப் பயம் வரும், அவள் கை நடுங்கும், காடே கேட்கிற மாதிரி ஹார்ன் அடிப்பாள். இது நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு.

கூப்பிட்டிருந்தால் ஓடி வந்திருக்கக்கூடிய
உன் தங்கச்சி,
மும்தாஜ்