முறுக்கை ஒளித்த வெள்ளாடு

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? நான் சுகம். வார்டன் சிஸ்டருக்குத் தெரியாமல் போர்வைக்குள் எழுதுகிறேன்.

சாந்தோமில் எங்கள் விடுதி வாசலில் ஒரு பெரியவர், "பாப்பா, துன்ன எதுனா கீதா?" என்றார். நீ தந்த முறுக்கை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, இல்லை என்றேன்.

அன்றே மறைக்கல்வியில் சிஸ்டர் சொன்னார்: தீர்ப்பு நாளில், பசித்தவருக்குக் கொடுத்தவர்கள் செம்மறிகளாக வலப்பக்கம், கொடுக்காதவர்கள் வெள்ளாடுகளாக இடப்பக்கம், அப்படியே நெருப்புக்கு.

பயந்துபோய் மறுநாள் டப்பாவோடு கொடுத்துவிட்டேன். அவர், "பல்லே இல்ல பாப்பா, சோறு கீதா?" என்றார். வலப்பக்கம் நிற்க இது போதுமா?

எதற்கும் மெத்தென்ற அதிரசம் கொண்டு வா, அவருக்கு. எனக்கும் இரண்டு. சீக்கிரம் வா.

நம் வெள்ளாட்டுக்குட்டி மல்லியிடம் மட்டும் இதைச் சொல்லாதே. சிஸ்டர் வருகிறார்.

உன் ஜெசிந்தா