தண்ணீர் ஊற்றியது நான்தான்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உன் மாமாவுக்கு முதுகுவலி குறைந்திருக்கிறது. மகளுக்குப் புது வேலை பிடித்துவிட்டது. நலம் என்று எழுத இவ்வளவுதான் கையிருப்பு. மற்றதை நீ செய்தியில் பார்த்திருப்பாய். செய்தியில் வந்தது பாதி, அந்தப் பாதியிலும் பாதி பொய்.

போனில் எல்லாவற்றையும் சொன்னால் நடுவில் அழுதுவிடுவேன். கடிதத்தில் அழுதாலும் உனக்குத் தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி. அருங்காட்சியகத்தில் இருபத்திரண்டு வருஷமாக நான் காவலிருக்கும் ஏழாம் அறை. அந்த அறையில் இருப்பது ஒரே படம், 'படகுக்காரி'. நீ பள்ளிக்கூட நோட்டு அட்டையில் பார்த்த அதே படம். தீப்பெட்டியிலும் தபால்தலையிலும் அவளைப் பார்க்காத ஆள் நம் நாட்டில் இல்லை. நேரில் பார்த்தால் சுவர் முழுக்க நிற்பாள். துடுப்பை ஊன்றி நிற்கிற அந்தக் கை இருக்கிறதே, எனக்கு அம்மாவின் கை மாதிரியே தோன்றும்.

அன்று ஒரு பள்ளிக் குழந்தை நடைபாதையில் வாந்தி எடுத்துவிட்டது. துப்புரவுப் பெண் வாளியில் புதுத் தண்ணீர் பிடித்துவந்து என் அறை வாசலில் வைத்தாள். அப்போது ஒருவர் வந்தார். தேய்த்த சட்டை, மெதுவான பேச்சு. "எத்தனை மணிக்கும்மா மூடுவீங்க?" என்று மரியாதையாகக் கேட்டார். பதில் சொன்னேன். நன்றி சொல்லிவிட்டுத் தடுப்புக் கயிற்றுக்கு அருகே போனார், பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார், படத்தின் மேல் வீசினார்.

வாடையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, ஆசிட். படகுக்காரியின் தோளிலிருந்து சாயம் பழுப்பாகக் கொதித்து வழிந்தது. படத்தைத் தொடாதே, மணியை அடி, அதிகாரி வரும்வரை காத்திரு. எங்களுக்கு விதி அது. மணியை அடித்தேன். காத்திருக்க மட்டும் முடியவில்லை. வாளியைத் தூக்கிப் படகுக்காரியின் முகத்தில் ஊற்றினேன். இன்னும் கொண்டா என்று கத்தினேன். துப்புரவுப் பெண் ஓடி ஓடிக் கொண்டுவந்தாள், நான் ஊற்றிக்கொண்டே இருந்தேன். பதினோரு வாளி. ஆசிட் வீசியவர் ஓடவில்லை. அங்கேயே நின்று, எல்லாரும் படத்தையே பார்க்கிறார்களே, என்னை ஒருவரும் பார்க்கவில்லையே என்கிற மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தார்.

இயக்குநர் வந்து முதலில் கேட்டது ஆசிட் வீசியவரைப் பற்றி அல்ல. "தண்ணி ஊத்தினது யாரு?" என்றுதான் கேட்டார்.

இரண்டு நாளில் அறிக்கை தயாராகிவிட்டது. ஆசிட்டால் வந்த சேதம் கொஞ்சம்தானாம். அனுமதியில்லாமல் பணியாளர் தண்ணீர் ஊற்றியதால்தான் படம் கெட்டுப்போனதாம். அதற்குக் கீழே என் பெயரை டைப் அடித்து, கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதைத் தாளில் பார்த்தேன். அந்தப் படத்துக்கு முன்னால் கனமான கண்ணாடி ஒன்று இருந்தது, தம்பி. யாரோ பெரிய மனிதர் படத்தோடு நிற்கிற காட்சியை டிவிக்காரர்கள் எடுக்க வந்தார்கள். வெளிச்சம் எதிரடிக்கிறது என்று இயக்குநரே கண்ணாடியைக் கழற்றச் சொன்னார். நாலரை மாதமாகியும் திரும்ப மாட்டவில்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் பதிவேட்டில் எழுதினேன்: 'கண்ணாடி இன்னும் பொருத்தப்படவில்லை.' யாரும் படிக்கவில்லை.

இயக்குநர் என்னைத் தன் அறைக்கு அழைத்து, உட்கார வைத்து, தேநீர் கொடுத்துப் பேசினார். ஓய்வு பெற நாலே வருஷம் இருக்கிறது, பென்ஷனுக்கு ஒரு குறையும் வராது, தெரியாமல் செய்துவிட்டேன் என்று எழுதினால் போதும் என்றார். தெரிந்துதான் செய்தேன் சார் என்றேன். மறுநாள் சஸ்பெண்ட் ஆர்டர் வந்தது. ஒப்பந்தத்தில் வேலை செய்த துப்புரவுப் பெண்ணை ஆர்டர் கூட இல்லாமல் அனுப்பிவிட்டார்கள். அவள் என் வீட்டுக்கு வந்து, "நீங்க கையெழுத்துப் போட்டுட்டா நானும் சேர்ந்து தப்பு பண்ணதா ஆயிடும்க்கா" என்றாள்.

வேலைதானே இல்லை, டிக்கெட் வாங்கினால் யார் தடுப்பது? தினமும் போகிறேன். ஏழாம் அறையில் இப்போது வெறும் சுவர். அதன் எதிரில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு வருகிறேன். என்னோடு பதினைந்து வருஷம் வேலை பார்த்த வாசல்காரர் முதல் நாள் தரையைப் பார்த்துக்கொண்டு டிக்கெட்டைக் கிழித்தார். மூன்றாம் நாள் கிழிக்காமல் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். நாளைக்கும் செல்லும் என்று அர்த்தம்.

நீயும் போனில் கையெழுத்துப் போட்டுவிடு என்கிறாய். "எதுக்குக்கா வம்பு, நாலு வருஷம் கண்ணை மூடிட்டு இரு" என்கிறாய். கோபமில்லை. ஆனால் உனக்கு ஒன்று நினைவூட்ட வேண்டும். உனக்கு அப்போது பதினேழு வயது. பேட்டரிக் கடையில் கை முழுக்க ஆசிட் கொட்டியது. அம்மா உன்னைக் குழாயடிக்கு இழுத்துப் போய், நீ கதறக் கதற அரைமணி நேரம் தண்ணீரில் பிடித்தாள். தண்ணீர் பட்ட இடமெல்லாம் பிழைத்தது. மடித்துவிட்ட சட்டைக் கைக்குள்ளும் தெறித்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை. தழும்பு அங்கேதான் இருக்கிறது.

மறுவாரம் கடைக்காரர் ஒரு தாளோடு வந்தார். உன் கவனக்குறைவுதான் காரணம் என்று எழுதியிருந்தது. மூடி உடைந்த ஜாடியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அப்பாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. அதைப் படித்துக் காட்டியது நான். அப்பா கையெழுத்துப் போடப் பேனாவை நீட்டியதும் நான்.

அடுத்த புதன்கிழமை விசாரணை. பயப்படாதே. நானும் பயப்படவில்லை என்று எழுதிவிடுகிறேன், எழுதினால் உண்மையாகிவிடும்.

குட்டிக்கு அத்தையின் முத்தம். உன் வீட்டுக்காரியிடம் நான் விசாரித்ததாகச் சொல். உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா


அன்புத் தம்பிக்கு,

உன் பதில் வந்தது. நான்கு வரிதான் என்றாலும், 'போடாதே' என்ற சொல்லை இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தாய். அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் விசாரணைக்குப் போனேன்.

நீளமான மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர். ஓரத்தில், வெளியூரிலிருந்து வரவழைத்த ஓவியச் சீரமைப்பு நிபுணர், வயதான அம்மா, தலை நிமிராமல் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். இயக்குநர் முக்கால் மணி நேரம் விதிகளை வாசித்தார். என் முறை வந்ததும் நீதிபதி, "தண்ணி ஊத்தணும்னு உங்களுக்கு யாரும்மா சொல்லிக்குடுத்தது?" என்று கேட்டார்.

"என் தம்பி கைங்க" என்றேன்.

யாரோ சிரித்தார்கள். பேட்டரிக் கடையை, குழாயடியை, சட்டைக் கையை எல்லாம் சொன்னேன். அந்த அம்மா அப்போதுதான் நிமிர்ந்தார். பெரிய புகைப்படம் ஒன்றை மேசையில் விரித்து, "படத்துலயும் அதேதான் நடந்திருக்கு" என்றார். மேல் மூலையில் வானம் இருந்த இடம் ஓட்டையாகக் கிடந்தது. நான் குள்ளம், என் வாளி அவ்வளவு உயரம் எட்டவில்லை. எட்டிய இடத்தில், முகம், தோள், துடுப்புப் பிடித்த கை, சாயம் மெலிந்திருக்கிறது, ஆனால் இருக்கிறது. "இந்தம்மா காத்துக்கிட்டிருந்தா எனக்கு இங்க வேலையே இருந்திருக்காது. வெறும் மரச்சட்டத்தைத் துடைச்சு வச்சிட்டுப் போயிருப்பேன்" என்றார்.

பிறகு நீதிபதி கண்ணாடியைப் பற்றிக் கேட்டார். பதிவேடு காணாமல் போய்விட்டதாக இயக்குநர் சொன்னார். அதன் நகல் தாள் காவலரிடம் இருக்க வேண்டும் என்பது விதி. அவர்கள் விதியை நான் அவர்களைவிட ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்கிறேன். பத்தொன்பது திங்கட்கிழமைகளையும் மேசையில் அடுக்கினேன். அன்று அந்த அறையில் நாற்காலிகள் நகர்ந்த சத்தத்தை நீ கேட்டிருக்க வேண்டும்.

தீர்ப்பு போன வாரம் வந்தது. படம் கெட்டது தண்ணீரால் என்ற வரியை அடித்துவிட்டார்கள். சஸ்பெண்ட் ரத்து. துப்புரவுப் பெண்ணை மறுபடி எடுத்துக்கொண்டார்கள். மறுநாளே வாளியோடு வந்து நின்றாள். இயக்குநர் நீண்ட விடுப்பில் இருக்கிறார் என்கிறார்கள், யார் கொடுத்த விடுப்பு என்று சொல்ல மாட்டேன் என்கிறார்கள். என்னை மட்டும் சும்மா விடவில்லை. அனுமதியின்றி ஓவியத்தைக் கையாண்டதற்காக எச்சரிக்கை என்று ஒரு தாள் கொடுத்துக் கையெழுத்துக் கேட்டார்கள். உன் மாமாவுக்கு வந்ததே கோபம். ஜெயித்த பிறகும் ஒரு குட்டா, கிழித்துப்போடு என்றார்.

நான் நிதானமாக இரண்டு முறை படித்தேன். அதில் எழுதியிருந்தது உண்மை. அனுமதி கேட்கவில்லை. கையாண்டேன். இனியும் கையாள்வேன். பெரிய எழுத்தில், முழுப் பெயரும் போட்டுக் கையெழுத்திட்டேன்.

ஏழாம் அறையிலிருந்து என்னை மாற்றிவிட்டார்கள். இப்போது பழைய நாணயங்கள் இருக்கிற அறை. நாளுக்கு நாலு பேர் வந்தால் அதிசயம், அதில் இரண்டு பேர் கழிப்பறை எங்கே என்று கேட்க வருபவர்கள். திரும்ப ஏழாம் அறை வேண்டும் என்று விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். மறுத்தால் அடுத்த மாதமும் கொடுப்பேன். எழுதுவதற்கு எனக்குச் சோம்பல் கிடையாது என்று இப்போது அவர்களுக்கும் தெரியும்.

படம் பின்கட்டில், சீரமைப்பு அறையில் மேசைமேல் படுத்திருக்கிறது. ஒன்றரை வருஷ வேலை என்கிறார் அந்த அம்மா. போன வானத்தைப் புதிதாக வரைந்து ஒட்டப் போவதில்லையாம். போனது போனதாகவே தெரியட்டும், கீழே என்ன நடந்தது என்று ஒரு பலகையில் எழுதி வைப்போம் என்கிறார். எனக்கு அது சரியென்று பட்டது. அந்த அறைக்குள் யாரையும் விடமாட்டார்கள். என்னை விடுகிறார். நேற்று அவராகவே, உங்கள் தம்பி ஊருக்கு வந்தால் கூட்டிவாருங்கள் என்றார்.

நீ கடைசியாக வந்தது அப்பாவின் காரியத்துக்கு. அன்றைக்கும் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாய், மூன்றாம் நாள் கிளம்பிவிட்டாய். ஏன் என்று நான் கேட்டதில்லை. கேட்கத் தேவையிருக்கவில்லை.

ஒரு தடவை வா, தம்பி. லீவு கிடைக்காது, டிக்கெட் விலை அதிகம் என்று ஆரம்பிக்காதே. அந்தக் கடைக்காரரின் தாளைப் பற்றி உன்னிடம் நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. விசாரணையில் மூன்று பேருக்கு முன்னால் அத்தனையும் பேசினேன். இந்த ஒன்றை எழுத உட்கார்ந்தால் மட்டும் கை நகரவில்லை. எதிரில் உட்கார்ந்தால் சொல்லிவிடுவேன் என்று நம்புகிறேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும். நூறு வருஷம் இருக்க வேண்டும். வருகிற தேதியை மட்டும் எழுது, நான் ஸ்டேஷனுக்கு வந்து நிற்கிறேன்.

உன் வருகையை எதிர்பார்த்து,
அக்கா