கீழே இறங்காத நீலம்

பிப்ரவரி 4, செவ்வாய்

கீழ்வீட்டு கிளாடிஸ் இன்றைக்கும் படியேறி வந்தாள். மூச்சு வாங்க, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் பாத்ரூம் கூரையில் ஓதம் பரவி, காலையில் தட்டு அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து பக்கெட்டுக்குள்ளேயே விழுந்ததாம்.

"நல்லவேளை, நான் உள்ள இல்ல பிலோக்கா. உங்க பாத்ரூம் தண்ணிதான் எறங்குது. ஒரு ஆள வச்சுப் பாருங்களேன். இந்த ஓதத்துல எனக்கு வீசிங் நிக்கவே மாட்டேங்குது."

பார்க்கலாம் என்றேன். போன வருஷமும் அதைத்தான் சொன்னேன்.

அவள் முகத்தைப் பார்த்தாலே எனக்கு என் வீட்டுக்காரர் செத்த நாள்தான் ஞாபகத்துக்கு வரும். சவப்பெட்டி எங்கள் மாடிப்படியில் திரும்பவில்லை. அவரைப் போர்வையில் சுமந்து கீழே இறக்கினார்கள். ஜனம் வந்து பார்க்க ஒரு மணி நேரம் உன் ஹாலைக் கொடு என்று இவளிடம் கேட்டேன். பச்சை நைட்டி, தோளில் பூப்போட்ட துண்டு, கையில் கரண்டி. "நாளைக்கு எம் பொண்ணு ரெனிட்டாவுக்கு நிச்சயம் பிலோக்கா, வேணாம்" என்றாள். என் பவுல்சாமி வாசலில் ஸ்கூட்டர்களுக்கு நடுவே கிடந்தார். தூறல் வேறு. நான்தான் குடை பிடித்தேன்.

பார்க்கலாமாம். பார்க்கலாம்.

பிப்ரவரி 6, வியாழன்

பேரன் ஆஸ்டின் ராத்திரி பகல் எந்நேரமும் போனில் வீடு வாங்கும் பாடம் படிக்கிறான். பைபிளைக்கூட அவன் இப்படிப் படித்ததில்லை. கோட்டு போட்ட ஒருத்தர் கத்திக் கத்திச் சொல்கிறார் - சொந்தமாக இருக்க ஒரு வீடு, சம்பாதித்துக் கொடுக்க ஒரு வீடு என்று.

"ஆயா, மொத மொத வாங்கறப்ப கொறையுள்ள வீடாப் பாத்து வாங்கணும். வெல கம்மியா வரும். சரி பண்ணி வாடகைக்கு வுட்டுடலாம்."

"கொறையுள்ள வீட்டுக்கு எங்கடா போவ?"

தரையைக் காலால் தட்டிக் காட்டினான். ஓதம் தாங்காமல் கிளாடிஸ் வீட்டை விற்கப் போகிறாளாம்.

பிப்ரவரி 8, சனி

கிளாடிஸே பிளம்பர் தணிகாசலத்தைக் கூட்டிவந்தாள். அவன் என் பாத்ரூமில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எல்லாச் சந்திலும் விரலை விட்டுப் பார்த்தான்.

"சும்மா டைல்ஸ ஒடச்சா காசுதான் வேஸ்ட்டு ஆயா. கீழ் ஊட்டு கூரைய ஒட்டி ஓடற பைப்புலகூட ஓட்ட இருக்கலாம். துணிக்குப் போடற நீலம் கீதா ஊட்ல? தண்ணி போற ஓட்டைய துணிய வச்சு அட. குளிக்கிற எடத்துல தண்ணிய நிறுத்தி, நீலத்தக் கலக்கி வுட்டுடு. அப்படியே கெடக்கட்டும். காத்தால கீழ நீலம் எறங்கியிருந்தா உன்னுது. இல்லாங்காட்டி அந்தம்மாவுது."

எறங்கினால் டைல்ஸ் உடைப்பது, வாட்டர் ப்ரூஃப், கீழே பூச்சு எல்லாம் என் செலவு.

அவன் போனபின் ஆஸ்டின் செருப்பை மாட்டிக்கொண்டே சிரித்தான். "எறங்கலன்னா நமக்கு நல்லது ஆயா." விளையாட்டாகத்தான் சொன்னான்.

நீலத்தைக் கலக்கினேன். குளிக்கிற இடத்தில் ஊற்றவில்லை. கக்கூஸில் ஊற்றித் தண்ணீர் விட்டேன். தரையைத் துடைப்பத்தால் தள்ளிக் காய வைத்தேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

நீலம் இறங்கவில்லை. எப்படி இறங்கும்?

தணிகாசலம் கிளாடிஸிடம், "உன் பைப்புதாம்மா" என்று சொல்லிவிட்டுப் போனான். அவள் அண்ணாந்து கூரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பூசையில் நன்மை அப்பம் வாங்கும்போது கையை நீட்டவில்லை. நாக்கை நீட்டினேன். விரல் நுனியெல்லாம் நீலம். நீலம் ஊற்றினவள் விரலில் நீலம் இருக்கத்தானே செய்யும்? யார் என்ன கேட்கப் போகிறார்கள்? பிறகு ஏன் முந்தானைக்குள் ஒளித்தேன்?

பிப்ரவரி 12, புதன்

அரை வாளியில் குளிக்கிறேன். செம்பைக் கவிழ்க்கும்போதெல்லாம் காது கீழே போகிறது.

பிப்ரவரி 17, திங்கள்

கிளாடிஸ் வீட்டைப் பார்க்க வந்த ரெண்டு புரோக்கரும் பாத்ரூம் கதவைத் திறந்து மூடிவிட்டுப் போய்விட்டார்கள். ஆஸ்டின் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு இறங்கினான். ஒரு விலை சொன்னான். இந்தச் சாந்தோமில் அந்த விலைக்கு ஒரு கடைகூட வராது. அவள் சரியென்றுவிட்டாளாம். டோக்கன் அட்வான்ஸும் கொடுத்துவிட்டான்.

"பெரம்பூர்ல ரெனிட்டா வீட்டுப் பக்கத்துல சின்னதா ஒண்ணு வாங்கலாம்னு இருந்தாங்களாம் ஆயா. இந்தக் காசுக்கு முடியாது. அவ வீட்டு ஹால்லயே இருந்துப்பாங்களாம்."

சந்தோஷமாகத்தான் சொன்னான். எனக்கும் சந்தோஷம் வரும் என்று பார்த்தேன். வேண்டும் அவளுக்கு, ஹால் தர மாட்டேன் என்றவளுக்கு மருமகன் வீட்டு ஹால்! இப்படி நான்கு தடவை சொல்லிப் பார்த்தேன். சோறு இறங்கவில்லை.

பிப்ரவரி 22, சனி

சாமியாரிடம் பாவத்தைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன்.

"பொய் சொன்னேன் சாமி."

"எத்தனை தடவை?"

"ஒரு தடவ."

மூன்று 'அருள்நிறைந்த மரியே' ஜெபம் சொல்லச் சொன்னார். பீச்சுப் பக்கம் திரும்புவதற்குள் சொல்லி முடித்துவிட்டேன். இது மூணுல தீர்ற பொய்யா? சாமி மேல குத்தமில்ல. அவர் கேட்டதுக்குப் பதில் சொன்னேன். கேக்காததுக்கு யார் பதில் சொல்றது?

பிப்ரவரி 26, புதன்

ஆஸ்டின் சாப்பிட்டுக்கொண்டே கணக்குப் போட்டான். கீழ்வீட்டுக்கு வெள்ளை அடிக்கணும், ஜன்னல் மாத்தணும். "பத்திரம் முடிஞ்சதும் மொத வேல, நம்ம பாத்ரூமை ஒடச்சு வாட்டர் ப்ரூஃப் போட்டுடணும் ஆயா. இல்லன்னா வாடகைக்கு எவனும் வர மாட்டான்."

குழம்புக் கரண்டி என் கையிலேயே நின்றது. அவன் நிமிரவில்லை.

அப்படியென்றால் இவனுக்குத் தெரியும். முதல் நாளிலிருந்தே தெரியும். என்னிடம் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. நான் கோபத்தில் செய்தேன். இவன் சோறு தின்றுகொண்டே செய்கிறான். எங்கே கற்றான்? அந்தக் கோட்டுக்காரரிடமா? என்னிடமா?

மார்ச் 5, சாம்பல் புதன்

கோயிலிலிருந்து நெற்றியில் சாம்பலோடு திரும்பி வந்தேன். கீழ்வீட்டுக் கதவு திறந்திருந்தது. கிளாடிஸ் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். நடுவே நிறுத்தி, வீசிங் மருந்தை வாயில் வைத்து இழுத்தாள். வருகிற திங்கள் பத்திரப் பதிவு.

"உக்காருங்க பிலோக்கா." ஸ்டூலில் கிடந்த துணியை எடுத்தாள். "உங்க மேல வீணா சந்தேகப்பட்டுட்டேன். படியேறி வந்து வந்து உங்கள நச்சரிச்சேன். தவசு காலம், மனசுல வச்சுக்காதீங்க. மன்னிச்சிருங்க."

இவளா கேட்கிறாள்? என்னிடமா?

"ஓதம் மட்டும் இல்லன்னா நான் எங்கயும் போக மாட்டேன். ரெனிட்டாவ இங்கதான பெத்தேன்" என்றாள்.

உட்காராமலே மேலே வந்துவிட்டேன். அவள் செய்தது தப்புதான். அதில் எனக்கு மாற்றமில்லை, சாகிறவரைக்கும் சொல்வேன். ஆனா அவ எனக்கு ஒரு மணி நேரம் ஹால் குடுக்கல. நான் அவளுக்கு வீடே இல்லாம பண்றேன். ரெண்டும் ஒண்ணா?

மார்ச் 7, வெள்ளி

காலையில் ஆஸ்டின் வேலைக்குப் போனதும் கடைக்குப் போய்ப் புது நீலம் வாங்கினேன். ஓட்டையில் துணியை அடைத்தேன். குளிக்கிற இடத்தில் கணுக்கால் வரை தண்ணீர் நிறுத்தி, பாட்டில் மொத்தத்தையும் கவிழ்த்தேன். கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். துணியைப் பிடுங்கிவிடலாமா என்று ஒரு தரம் எழுந்தேன். பொய் சொன்னால் ஆகாது, ரெண்டு தரம்.

விளக்கு வைக்கிற நேரத்தில் கீழே போய், "பாத்ரூம் லைட்ட போடு" என்றேன்.

கூரையில் நீலம். பெரிய திட்டாக. ஓரத்தில் ஒரு சொட்டு உருண்டு நின்று, எங்கள் ரெண்டு பேர் கண்ணெதிரில் விழுந்தது.

கிளாடிஸ் என் பக்கம் திரும்பினாள். "அன்னைக்கு எங்க ஊத்தினீங்க?"

"கக்கூஸ்ல."

"பவுல் அண்ணன் பெட்டிக்குத்தான?"

அவளுக்கும் ஞாபகம் இருந்திருக்கிறது. இத்தனை வருஷமும் நான் ஒருத்திதான் சுமக்கிறேன் என்று நினைத்திருந்தேன். தலையை ஆட்டினேன்.

"மேல போங்க பிலோக்கா" என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

மார்ச் 8, சனி

கிளாடிஸ் டோக்கன் பணத்தை மேலே கொண்டுவந்து, என் முகத்தைப் பார்க்காமல் ஆஸ்டின் கையில் வைத்துவிட்டுப் போனாள். அவன் குதித்தான்.

"யார் சைடு ஆயா நீ? என் மொத வீடு! நீயே ஒடச்சிட்ட!"

"உனக்குத் தெரியும்லடா?"

உள்ளே போனான். கதவைச் சாத்தினான்.

மார்ச் 11, செவ்வாய்

பாத்ரூம் செலவுக்கு வளையலை அடகு வைத்தேன். பவுல்சாமி போட்டது. அவர் ஒன்றும் சொல்ல மாட்டார்.

மார்ச் 14, வெள்ளி

தணிகாசலம் சம்மட்டியோடு வந்தான். "இன்னா ஆயா, அன்னைக்கு வராத நீலம் இப்ப மட்டும் எப்டி வந்துச்சு? உன் ஊட்டு நீலம் லேட்டாத்தான் எறங்குமா?" டைல்ஸ் உடையும் சத்தத்தில் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

மார்ச் 21, வெள்ளி

பாத்ரூம் தரை இன்னும் மண்ணாகக் கிடக்கிறது. கொத்தனார் இன்று வருகிறேன் நாளை வருகிறேன் என்கிறார். ஆஸ்டின் ஆபீசில் குளித்துக்கொள்கிறான். நேற்றுத்தான் வாயைத் திறந்தான் - பள்ளிக்கரணைப் பக்கம் ஒரு வீடு பார்க்கப் போகிறானாம். "நல்ல வீடுதான் ஆயா. ஓதமில்ல. ஆனா நீ கூட வராத."

நான் சமையலறை மூலையில் துணியை நனைத்து உடம்பைத் துடைத்துக்கொண்டு நாளைத் தள்ளினேன். இன்று காலை கீழேயிருந்து குரல் வந்தது. "பிலோக்கா, துண்ட எடுத்துட்டு வாங்க. கோயிலுக்கு, சிலுவைப் பாதைக்கு இப்படியேவா போவீங்க?"

போனேன். சாக்குகள் அவிழ்ந்து, பாத்திரமெல்லாம் பழையபடி அலமாரியில் ஏறியிருந்தது. பாத்ரூமில் அண்ணாந்து பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். நீலம் அப்படியே இருக்கிறது. காய்ந்துவிட்டது.

தலைக்கு ஊற்றிக்கொண்டு வெளியே வந்தேன். கிளாடிஸ் ஹால் நடுவில் நாற்காலி போட்டிருந்தாள். "ஈரத்தலையோட படியேறாதீங்க. காய வச்சுட்டுப் போங்க."

அவரை அங்கேதான் வைக்கக் கேட்டேன். தலைமாடு ஜன்னல் பக்கம், கால்மாடு வாசல் பக்கம் என்று அன்றைக்கே மனசில் அளந்து வைத்திருந்தேன். அவளுக்கும் தெரியும் போலிருக்கிறது. நாற்காலியைப் பார்க்காமலே நின்றாள். நானும் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு உட்கார்ந்தேன்.

அவள் ஃபேனைப் போட்டுவிட்டு, உலை வைக்க உள்ளே போனாள்.