பிளக்கில் வைத்த சந்தனம்

பிரியமுள்ள மாமா,

நீங்கள் போன பிறகு வந்த முதல் ஆயுத பூஜை நேற்று முடிந்தது. இன்று காலை வழக்கம்போல ரயிலேறி மண்டபம் வந்தோம். உங்கள் மகள் பாக்கியம், பேத்தி செல்வி, நான். ஸ்டேஷனில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நிற்க நீங்கள் இல்லை. தெரிந்தும் செல்வி கொஞ்ச நேரம் தேடினாள்.

உங்களிடம் நான் ஒரு பொய் சொல்லி ஏழு வருஷமாகிறது. நேரில் உடைத்துச் சொல்ல வாய் வரவில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன். கோபித்துக்கொண்டாலும் இனி நீங்கள் என்னை என்ன செய்துவிடப் போகிறீர்கள்?

எங்களுக்குக் கல்யாணமான புதிது. நான் ராமநாதபுரத்தில் பம்புசெட் மெக்கானிக், நீங்கள் இங்கே அதிகாரிகள் வந்து தங்கும் முசாபரி பங்களாவில் தோட்டக்காரர். வெள்ளைக்கார துரை சீமைக்குப் போகும்போது விட்டுப்போன புல் வெட்டும் மிஷின் உங்கள் பொறுப்பில் இருந்தது. ஆடு மேயவே புல் கிடைக்காத ஊரில் புல்லை வெட்ட ஒரு மிஷினா என்று நான் சிரித்தேன். நீங்கள் அதைத் துடைத்து வைத்திருந்த அழகைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. மாமியார் போன பிறகு உங்களுக்கு அந்த வளாகத்தில் துணை அது ஒன்றுதான் என்று பாக்கியம் சொல்லியிருந்தாள்.

பூஜைக்கு மறுநாள் நாங்கள் விருந்துக்கு வந்திருந்தோம். அன்று சாயந்திரம் பெரிய அதிகாரி ஒருவர் வந்து தங்குவதாக ஏற்பாடு. மிஷின் கிளம்பவில்லை. கயிற்றைச் சுற்றிச் சுற்றி இழுத்து உங்கள் உள்ளங்கை கன்றிப்போயிருந்தது.

"மாப்ளே, நேத்துத்தான் பூசை போட்டேன். இன்னிக்குப் படுத்துக்கிருச்சே. நான் என்ன குத்தம் செஞ்சேன்?" என்றீர்கள்.

அந்தக் கேள்விதான் என்னைக் கலக்கிவிட்டது.

பெட்ரோல் வருகிறதா என்று பார்த்தேன், வந்தது. இன்ஜினுக்குள் பொறி விழவைக்கும் பிளக்கைக் கழற்றினேன், முனை நனைந்திருந்தது. ஒயரை மாட்டி, பிளக்கை இன்ஜின் உடம்பில் சாய்த்து வைத்து உங்களை இழுக்கச் சொன்னேன். பொறி பளிச்சென்று விழுந்தது. பெட்ரோல் உண்டு, பொறி உண்டு, பிறகு என்ன கேடு? சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால், பொறிக்கு மின்சாரத்தை விட்டு விட்டு அனுப்பும் பாயிண்டில் லேசாக உப்புப் பூத்திருந்தது. கடலோரத்தில் அது இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். உப்புத்தாளால் தேய்த்து, சக்கரத்தையும் பிளக்கையும் திரும்ப மாட்டினேன். அப்போதும் ம்ஹூம்.

கடைசியில் ஒரு கோணிச்சாக்கை மிஷின்மேல் போட்டு, தலையை உள்ளே விட்டுக்கொண்டு, "இழுங்க மாமா" என்றேன். வெயிலில் தெரியாதது அந்த இருட்டில் தெரிந்துவிட்டது. பிளக்கின் வெள்ளைப் பீங்கான் கழுத்தைச் சுற்றி நீங்கள் பக்தியோடு அப்பியிருந்த சந்தனத்தின் வழியாக நீலமாக ஒரு கோடு ஓடியது. கிணற்று உப்புத் தண்ணீரில் குழைத்த சந்தனம், கடற்காற்றில் காயவே இல்லை. பிளக்கை வெளியே எடுத்தால் பொறி சுலபமாகக் குதித்துவிடும். உள்ளே மாட்டினால் அங்கே காற்று நெருக்கும். அதை மீறிக் குதிக்கச் சோம்பிக்கொண்டு, மின்சாரம் சந்தனத்தில் வழுக்கி வெளியே இறங்கிவிடும்.

குற்றம் என்னவென்று கேட்கிற மனுஷரிடம் "நீங்கள் வைத்த சந்தனம்தான்" என்று எப்படிச் சொல்வேன்? சாக்குக்குள்ளேயே பெட்ரோலில் வேட்டி நுனியை நனைத்துச் சுத்தமாகத் துடைத்தேன். முதல் இழுப்பிலேயே படபடவென்று கிளம்பியது.

"என்ன குத்தம் மாப்ளே?"

"உங்க குத்தம் ஒண்ணுமில்ல மாமா. பாயிண்டுல உப்பு."

கண்ணை மூடிக் கும்பிட்டீர்கள். அதன்பிறகு எனக்கு வேறு வழியில்லை. வருஷா வருஷம் பூஜைக்கு மறுநாள், மண்டபத்தில் ஒரு வேலை என்று பாக்கியத்திடம் சொல்லி, அவளையும் கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன். நீங்கள் அசந்த நேரம் பார்த்துத் துடைத்துவிடுவேன். என்ன சாமர்த்தியம் எனக்கு என்று நானே மெச்சிக்கொண்டேன், போங்கள். ஒரு கார்டுகூடப் போடாமல் வருகிறோமே, இவர் எப்படி ஸ்டேஷனுக்கு வந்து நிற்கிறார் என்று ஒரு தடவையாவது யோசித்தேனா?

இன்று பங்களாவில் சமையல்காரர் காதர் பாய் டீ கொடுத்தார். அவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

"தம்பி, அண்ணனுக்கு அது எப்பவோ தெரியும். புள்ளைக்குக் காய்ச்சல்னு ஒரு வருசம் நீங்க வரல பாருங்க, அன்னிக்கு அவரே தொடச்சு ஓட்டிட்டாரு. அடுத்த பூசையில மறுபடி அங்கனயே அப்புனாரு. தெரிஞ்சுக்கிட்டே ஏண்ணே செய்றீகன்னு கேட்டேன். 'தொடைக்கணும்னு மாப்ள வாராருல்ல பாய், எம்மக மொகத்தப் பாத்துக்கிருவேன்'னாரு."

பாக்கியம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போய்விட்டாள்.

வாங்க என்று இரண்டு வரி எழுதியிருக்கலாமே மாமா? மாப்பிள்ளையை அழைத்தால் முறை செய்ய வேண்டுமே என்று தயங்கினீர்களா? உங்களைச் சொல்லி என்ன, வருஷத்தில் மற்ற நாளெல்லாம் ரயில் ஓடிக்கொண்டுதானே இருந்தது, நான் ஏன் சும்மா ஒரு நடை வரவில்லை?

ஆனாலும் வருத்தத்தைவிடச் சந்தோஷம்தான் அதிகமாக இருக்கிறது. ஒருவரையொருவர் ஏமாற்றிக்கொண்டு எத்தனை நல்ல நாட்களைச் சாப்பிட்டுத் தீர்த்திருக்கிறோம்!

ஒரு வாக்குத் தருகிறேன். செல்வி நாளைக்கு வளர்ந்து, கல்யாணமாகி வேறு ஊருக்குப் போவாள். நான் எதையும் கெடுத்து வைத்துக்கொண்டு காத்திருக்க மாட்டேன். "உன்னைப் பார்க்கணும்போல இருக்கு, புறப்பட்டு வா" என்று வெட்கப்படாமல் எழுதிப் போடுவேன்.

பிள்ளையின் ஸ்தானத்தில்,
உங்கள் மாப்பிள்ளை