கல்லீரல் இல்லாத படம்

என் செல்லப் பெல்சியாவுக்கு,

நீ போய் ஆறு மாதம் ஆகிறது. ஆய்வுக்கூடத்தில் எல்லாரும் ஒரே வாரத்தில் உன்னை மறந்தார்கள். நம் இயக்குநர் மட்டும் மறக்கவில்லை. உன் பெயர் அவருக்குத் தேவைப்படுகிறது.

ஆய்வுக் கட்டுரை தயார். நம் கொழுப்புத் துகள்கள் எம்ஆர்என்ஏ மருந்தைச் சுமந்துகொண்டு நுரையீரலுக்கு மட்டுமே போகின்றனவாம். ஊசி போட்டால் எல்லாம் கல்லீரலில் போய் உட்கார்ந்துகொள்கிறதே என்றுதானே மூன்று வருடம் கொழுப்பை மாற்றி மாற்றிக் கலந்தோம்? மருந்து சேர்ந்த இடம் ஒளிரும்படி கடைசியாக நீ எடுத்த எலிப் படத்தில் நுரையீரல் ஒளிர்ந்தது உண்மை. பக்கத்திலேயே கல்லீரல் அதைவிடப் பளிச்சென்று ஒளிர்ந்ததே! "ராத்தா, இன்னும் அங்கனதான் போவுது" என்று நீ என்னிடம் சொல்லித் தலையில் கைவைத்து உட்கார்ந்தாய்.

அந்த மகா விஞ்ஞானி என்ன செய்தார் தெரியுமா? படத்திலிருந்து கல்லீரலை வெட்டிவிட்டார். நம்மால் மூன்று வருடம் முடியாததைக் கணினியில் ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டார். கேட்டால், "இடம் பத்தலம்மா" என்கிறார். வெட்கம் என்பது அந்த உடம்பில் எந்த உறுப்புக்கும் போய்ச் சேரவில்லை. முதல் பக்கத்தில் 'பெல்சியாவின் நினைவுக்கு' என்று ஒரு வரி வேறு.

கட்டுரையை எழுதியவர்களில் என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. நான் மறுத்ததும் ஐயா சென்னையில் விமானம் ஏறி உன் அம்மாவிடம் போய்விட்டார். துக்க வீட்டுக்கு, அதுவும் தூத்துக்குடி வீட்டுக்கு, தூத்துக்குடி மக்ரூன் பெட்டியோடு! கூடவே அந்த முதல் பக்கம், கண்ணாடிச் சட்டம் போட்டு.

நேற்று நான் போனபோது அது மாதா படத்துக்குக் கீழே தொங்கியது.

"ஏளா சபீனா, நீ ஒரு கையெழுத்துப் போட்டா எம்புள்ள பேரு ஒலகம் பூரா போவுமாமே. ஏன் மாட்டேங்குத?"

அந்த எலிப் படத்தைப் பற்றிச் சொன்னேன்.

"ஈரல் தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன? எனக்கு வேற என்னளா மிச்சம்?"

படத்தை வெட்டியது திருட்டு. உன் அம்மாவை என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியதற்கு எந்தச் சொல்லும் போதவில்லை. நீயாக இருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பாயா? இதை நம்பி நாளை யாரோ மூச்சு வாங்கும் ஒருவருக்கு ஊசி போட்டால், அவர் கல்லீரலைப் பார்க்க யாருக்குத் தோன்றும்?

நான் கையெழுத்துப் போடவில்லை. இன்று காலை நீ எடுத்த முழுப் படத்தையும் கட்டுரையை வெளியிடவிருந்த ஆய்விதழுக்கு அனுப்பிவிட்டேன். இனி அந்தக் கட்டுரை வராது. உன் பெயரும் வராது.

இதை உன் அம்மாவிடம் நானே போய்ச் சொல்வேன், வேறு யாரையும் சொல்ல விடமாட்டேன். கதவைச் சாத்தினால் சாத்தட்டும். அடுத்த ஞாயிறும் போவேன், அதற்கடுத்த ஞாயிறும் போவேன்.

ஊரே மேடம் என்றபோதும் நீ மட்டும் அக்காவாய்க் கூப்பிட்ட
உன் ராத்தா,
சபீனா