வால்வு அக்காவின் ஆறு மணி

அக்கா,

இன்று நூலகத்தில் என் எதிரே ஒரு பெண்மணி வந்து உட்கார்ந்தார். மின்சாரம் போய் விசிறி நின்றதும் அவரிடமிருந்து மெல்லிய டிக், டிக் ஒலி கேட்டது. கையில் கடிகாரம் இல்லை. எனக்குப் புரிந்துவிட்டது. படித்துக்கொண்டிருந்த நாவலை மூடிவிட்டு அந்த ஒலியையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஓசூர் பக்கம் மத்திகிரியில் தொழிற்சாலைப் பெண்கள் நாங்கள் சேர்ந்து எடுத்திருந்த வாடகை வீட்டுக்கு நீ குடிவந்த முதல் நாள் நினைவிருக்கிறதா? "யாருடி தலகாணிக்குக் கீழ வாட்ச்ச வெச்சிக்கினு தூங்கறது?" என்று ஒருத்தி சிடுசிடுத்தாள். "என் நெஞ்சுக்குள்ள ஓடுது பாப்பா. கழட்டி வெக்க முடியாது," என்றாய். உன் இதயத்தில் உலோக வால்வு வைத்திருந்தார்கள். அதில் ரத்தம் உறையாமல் இருக்க ஆயுள் முழுக்க ஒரு மாத்திரை. கூடிப்போனால் ரத்தம் கசியும். குறைந்துபோனால் வால்வு அடைத்துக்கொள்ளும். கீரை அந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும் என்பதால், அதைக்கூட ஒரு வாரம் அள்ளிச் சாப்பிட்டு மறுவாரம் விட்டுவிடக் கூடாது, எப்போதும் ஒரே அளவுதான் என்று கறாராக இருப்பாய்.

அவ்வளவு கறாரானவள் தவறியது நம் தொழிற்சாலை வாழ்க்கையால்தான். காலையில் சாப்பிட்ட பின் ஒரு மாத்திரை என்பது மருத்துவர் சொன்னது. ஆனால் இரவு ஷிப்ட் வாரத்தில் நமக்கு ஒரே நாளில் இரண்டு காலைகள் வரும். வேலை முடிந்து வந்து சாப்பிட்டுவிட்டுப் படுப்பது ஒரு காலை. தூங்கி எழுந்து, பல் தேய்த்து, சாயங்காலம் இட்லி சாப்பிடுவது இன்னொன்று. அதையும் 'காலை டிபன்' என்றுதான் நாம் சொல்வோம். தூக்கக் கலக்கத்தில் நீ இரண்டு காலைக்கும் மாத்திரை போட்டிருந்தாய். ஈறில் வந்த ரத்தம் நிற்கவில்லை. கையெல்லாம் நீலத் திட்டுகள். ஆட்டோவில் என் தோளில் சாய்ந்தபடி, "பயப்படாதடி, வாட்ச் இன்னும் ஓடுது," என்றாய். நீயும் பயந்துதான் இருந்தாய்.

மருத்துவர் மாத்திரையைச் சில நாள் நிறுத்தி, அளவைத் திருத்திக் கொடுத்து, சில வாரம் கழித்து ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொன்னார். அதற்குள் சிங்காரப்பேட்டையிலிருந்து உன் அண்ணன் வந்துவிட்டார்.

"போதும்மா, துணிய எடுத்து வை. ஊர்ல நாங்க பாத்து மாத்திர குடுக்கறோம்."

"குடுப்ப. அப்புறம் நான் எங்க போறேன், எப்ப வரேன்னும் நீயே பாத்துக்குவ."

"ஷிப்ட் வேலையும் வால்வும் ஒத்து வராதும்மா."

"கொஞ்ச நாள் விடுண்ணா. டெஸ்ட் சரியா வரலன்னா நானே மூட்டையக் கட்டறேன்."

சொந்தச் சம்பளம், சொந்தச் சாவி, ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் கேட்காமல் பார்க்கும் சினிமா. எல்லாமே அந்தப் பரிசோதனையில் தொங்கிக்கொண்டிருந்தன.

நீ அழவில்லை, யோசித்தாய். எந்த ஷிப்ட் வாரமானாலும் நீ தவறாமல் விழித்திருக்கும் நேரம் மாலை ஆறு மணி. மருத்துவரிடமே போய்க் கேட்டாய். "தாராளமா ஆறு மணிக்குப் போடுங்க. தினமும் அதே நேரம். மறந்துட்டா மறுநாள் ரெண்டா போடக் கூடாது, எனக்கு போன் பண்ணுங்க," என்றார்.

மதிய ஷிப்ட்டில் மட்டும் ஆறு மணி வேலைக்கு நடுவில் வந்தது. பாகங்களைப் பொருத்தும் வரிசையான லைனுக்குள் வெளியிலிருந்து ஊசிகூடக் கொண்டுபோக முடியாது. மாத்திரை வெளியே லாக்கரில் இருந்தது. கர்நாடகத்து ஆனேக்கல்லிலிருந்து வரும் நம் சூப்பர்வைசரிடம் நீ போய் நின்றாய்.

"லைன் நிக்கும்மா. பிரேக்ல போட்டுக்கோ."

"மெஷினுக்கு டைம் வெச்சு எண்ணெய் போடறீங்க, அப்ப லைன் நிக்கலியா சார்? எனக்குள்ளயும் ஒரு மெஷின் ஓடுது. வந்து காது குடுத்துக் கேளுங்க!"

லைன் முழுவதும் வெடித்துச் சிரித்தது. அவர் முகம் சிவந்து, தானும் சிரித்து, "ஆயித்து, ஹோகம்மா," சரி போம்மா, என்று கன்னடத்திலேயே சொல்லி அனுப்பிவைத்தார். மறுநாள் ஆறு மணிக்கு உன்னோடு இன்னொரு கை உயர்ந்தது, வலிப்பு மாத்திரைக்காக. அடுத்து தைராய்டு. அடுத்து ரத்த அழுத்தம். எத்தனை பேர் மாத்திரையை மறைத்தும் தள்ளிப்போட்டும் காலம் ஓட்டியிருக்கிறோம் என்று அன்றுதான் தெரிந்தது.

பரிசோதனை முடிவு வந்த நாளில் உன் துணிகளை எடுத்துப்போக உன் அண்ணன் வெறும் பையோடு வந்திருந்தார். "சரியா இருக்கு. இப்படியே போங்க," என்றார் மருத்துவர். நீ அண்ணனின் பையை வாங்கி, அதில் ஓசூர் ரோஜாக் கட்டு ஒன்றை வைத்து, "அண்ணிகிட்ட குடு," என்று பேருந்து ஏற்றிவிட்டாய். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் விசிலடித்தாய்.

அதற்குப் பிறகு எத்தனையோ பரிசோதனைகள். எதிலும் நீ தோற்கவில்லை. போன மழைக்காலத்தில் உன்னைக் கொண்டுபோனது நுரையீரல் காய்ச்சல். "வால்வு கடைசி வரைக்கும் அருமையா வேலை செஞ்சதும்மா," என்று மருத்துவர் என்னிடம் சொன்னார். அழுதுகொண்டே பெருமைப்பட முடியும் என்று அன்று கற்றுக்கொண்டேன்.

நான் நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள் என்பது உனக்குத் தெரியும். சென்ற வாரம் ஆறு மணி ஆகப்போகும் நேரத்தில், புதிதாக வந்த சூப்பர்வைசர் லைனில் வந்து நின்று, "இனிமே மாத்திரைக்கெல்லாம் லைன விட்டுப் போகக் கூடாது," என்றார். மாத்திரை போடுகிறவர்கள் எல்லோரும் தலை குனிந்துகொண்டார்கள். நான் மட்டும் எழுந்து நின்றேன்.

"மணி ஆறு ஆச்சு சார். இவங்க போவாங்க. திரும்பி வர்ற வரைக்கும் இவங்க இடத்த நான் பாத்துக்கறேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் உட்காரவில்லை. பிறகு அவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, கையுறையைக் கழற்றிக்கொண்டு, லாக்கரை நோக்கி நடந்தார்கள்.