கேட்டுத்தான் கொடுத்தேன்

ஞாயிற்றுக்கிழமை, இரவு

கீரிமலையில் முழுகிவிட்டு இவரும் நானும் மகளும் டவுனில் புதிதாகத் திறந்த இந்தியச் சைவக்கடைக்குப் போனோம். மகளுக்குக் கஜு என்கிற முந்திரிப்பருப்பு ஒவ்வாது. பரிமாற வந்தவரிடம் முதலே கேட்டேன்.

"தம்பி, பிள்ளைக்குக் கஜு ஒத்துவராது. உந்தக் குருமாவில கஜு கிடக்கோ?"

"இல்லை அக்கா. பயப்பிடாமல் குடுங்கோ."

பரோட்டாவைத் தொட்டுத் தொட்டுப் பாதி சாப்பிட்டிருப்பாள். உதடு தடித்தது. பிறகு மூச்சு இழுக்கத் தொடங்கியது. இவர் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட பிறகுதான் மூச்சு சீரானது.

பரிமாறியவர் பின்னாலேயே வந்து வாசலில் நின்றார். "குருமாவில கஜுவை அரைச்சு விட்டிருக்கினம் அக்கா. நீங்கள் முழுக் கஜுவைக் கேக்கிறியள் எண்டு நினைச்சிட்டன்." எனக்குக் கோபம்கூட வரவில்லை. "சரி, போங்கோ" என்றேன்.

இன்றிரவு ஆஸ்பத்திரி வாட்டில் வைத்திருந்து பார்க்க வேண்டுமாம். இவர் உடுப்பு எடுத்துவர வீட்டுக்குப் போய்விட்டார். நான் கட்டிலருகே இருந்து எழுதுகிறேன். சற்று முன் மகள் கண் விழித்தாள்.

"அம்மா, முதல் வாயிலயே நாக்கு அரிச்சது."

"ஏன் பிள்ளை சொல்லேல்லை?"

"நீங்கள் கேட்டுப்போட்டுத்தானே தந்தனீங்கள். அதாலை பிழையில்லை எண்டு சாப்பிட்டன்."

சொல்லிவிட்டுத் திரும்பவும் நித்திரையாகிவிட்டாள். எனக்கு அழுகை வரவில்லை. ஒன்றுமே வரவில்லை. அம்மா சாப்பிடச் சொன்னாலும் நாக்கு அரித்தால் துப்பிவிடு என்று அவளுக்குச் சொல்ல வேண்டும். அதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. விடியட்டும்.